கெதின்ஸ் கடையில் வாங்கிய தாள்

இல்ல தம்பி, கையெழுத்து போடமாட்டேன்னு நான் எங்க சொன்னேன்? கொஞ்சம் உக்காருன்னுதான் சொன்னேன். அந்த நாற்காலி வேணாம், அது பூனையோடது. எழுப்பினா ஒரு வாரம் என் மூஞ்சியப் பாக்காது. இப்படி அடுப்புப் பக்கமா வா. கோட்டக் கழட்டி அந்தக் கம்பில போடு, காயட்டும். ஜூன் மாசமாம். மழையப் பாரு.

டீ ஊத்தியாச்சு, வேணாம்னு சொல்லாதே. உங்கப்பா இந்த அடுப்படில எத்தனை வாட்டி டீ குடிச்சிருக்காரு தெரியுமா? மாட்டு டாக்டர்னா அவருதான் மாட்டு டாக்டர். ஒரு தடவை கன்னு குறுக்கால மாட்டிக்கிச்சு. தோள் வரைக்கும் கைய உள்ள விட்டுக்கிட்டே, ஹியூகி, ஞாயித்துக்கிழமை உங்க டீம் பேக்லைன்ல யாரு ஆடறாங்கன்னு கேட்ட மனுஷன். அவரு பையன் நீ, லோர்கன், கவுண்டி போர்டுல சேந்து தாளத் தூக்கிட்டு வீடு வீடா அலையறே. பரவால்ல. அதுக்கும் ஒரு ஆள் வேணும்ல.

குடு, பாப்போம். கண்ணாடிய எங்க வச்சேன்னு தெரியல. நீயே படி.

ம்.

ம்ம். நம்பிக்கை இழந்துட்டோம்னு எழுதியிருக்கீங்களா? நல்லா இருக்கு. யாரு, உங்க போர்டு வாத்தியார் எழுதினதா? அதான பாத்தேன். பதினெட்டு கிளப்ல பதினொண்ணு போட்டாச்சு. பன்னெண்டு வந்துட்டா வியாழக்கிழமை மீட்டிங்ல பேச்சே வேணாம், ஓட்டும் வேணாம், தாள மேஜை மேல வச்சா போதும், மாலக்கி கெதின்ஸ் கவுண்டி ஃபுட்பால் டீம் மேனேஜர் வேலைய விட்டுட்டு வீட்டுக்குப் போகணும். பன்னெண்டாவது எங்க கில்டோரன். எங்க கிளப்புக்கு நான்தான் கையெழுத்து. முப்பது வருஷமா மீட்டிங்குக்கு நான்தான் போறேன், வேற எவனுக்கும் அந்தக் குளிர்ல போய் உக்கார இஷ்டமில்ல.

எங்கள ஏன் கடைசில வச்சே? கிழவன் எப்படியும் போடுவான்னுதானே? ஆமான்னு சொல்லு, சிரிக்காதே. ஊர்ல எல்லாருக்கும் தெரியும். மாலக்கி பேரச் சொன்னா நான் காறித் துப்புவேன்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும்.

அவசரப்படாதே. ரொட்டில வெண்ணெய் தடவிக்கோ.

இந்த வருஷம் அவன் ஆட வச்ச மேட்ச் ஒண்ணு விடாமப் பாத்தவன் நான். ஜனவரில ஆரம்பிச்சு போன ஞாயித்துக்கிழமை வரைக்கும். உள்ளூர்ல ஆடினாலும் சரி, மூணு மணி நேரம் தள்ளிப் போய் ஆடினாலும் சரி. எதுக்குப் போனேன்னு நெனைக்கறே? டீம் ஜெயிக்கணும்னா? அவன் தோக்கறதப் பாக்கத்தான் போனேன். வெக்கம் என்ன, உண்மை அதுதான். அந்த விஷயத்துல அவன் என்னை ஏமாத்தவே இல்ல. லீக்ல ஏழு மேட்ச். அஞ்சு தோல்வி, ஒண்ணு சமம், ஒண்ணு ஜெயிச்சான். அந்த ஒண்ணு மார்ச்ல, பனில, ரெண்டே பாயிண்ட் வித்தியாசத்துல. அன்னைக்குக் கார்ல திரும்பி வரும்போது எனக்கு வயித்தெரிச்சல். வண்டி ஓட்டற என் தங்கச்சி மகன் டியர்னன் என்னைப் பாத்துச் சிரிக்கறான். என்ன மாமா, நம்ம கவுண்டி ஜெயிச்சிருக்கு, எழவு வீட்டுக்குப் போற மாதிரி வரீங்கங்கறான்.

கடைசி டிவிஷனுக்கு இறங்கியாச்சு. அப்புறம் மே மாசம் பக்கத்துக் கவுண்டிக்காரன்கிட்ட பத்தொம்பது பாயிண்ட்ல உதை. பத்தொம்பது! பக்கத்துக் கவுண்டிக்காரன்னா யாரு? என் பொண்டாட்டி நோரீன் பொறந்த ஊரு அது. என் மச்சினன் இன்னும் போன் பண்றான். ஹலோன்னு சொல்றதில்ல. பத்தொம்பதுன்னு மட்டும் சொல்லிட்டு வச்சிடறான்.

இவன் பேப்பர்காரன்கிட்ட என்ன சொன்னான்? இது மாறுற வருஷமாம். பொறுமையா இருக்கணுமாம். நான் அப்ப சத்தமாத்தான் சொன்னேன், கடைல, எல்லாரும் கேக்க. கோழி இறகு உதிர்க்கிற காலத்துல முட்டை போடாது, தெரியும், ஆனா இவன் கோழியவே வித்துட்டு இறகு முளைக்கும்னு காத்துக்கிட்டு இருக்கான்னேன். நல்லா சிரிச்சாங்க. அந்த வாரம் பூரா அதையே சொல்லிக்கிட்டு திரிஞ்சாங்க.

வித்ததுன்னு சொல்ல முடியாதுதான். ஆளுங்க போயிட்டாங்க, அதுக்கு அவன் என்ன பண்ணுவான். நாலு பேர் ஆஸ்திரேலியாவுக்கு. ஒருத்தன் டப்ளின்ல போலீஸு, வாரத்துக்கு ரெண்டு தடவை ரெண்டரை மணி நேரம் வண்டி ஓட்டி வந்து பயிற்சி எடுக்க முடியாதுன்னுட்டான், பொண்டாட்டி ரெட்டைப் புள்ள பெத்திருக்கா. ஒருத்தனுக்கு இடுப்புல ஆபரேஷன். காசுக்கு ஆடற ஆட்டமா இது, ஏண்டா போறேன்னு கேக்க? எட்டு வருஷத்துக்கு முன்ன மாகாண ஃபைனல் ஆடின டீம்ல நவம்பர் மாசம் மிஞ்சினது ஆறு பேரு. யாரும் எடுக்க மாட்டேன்னு ஓடின வேலைய அவன் எடுத்தான். உங்க போர்டு எத்தனை பேரக் கேட்டுச்சு? நாலா? அஞ்சு. பாரு, எனக்கே தெரியாது.

அந்த ஆறுல ஒருத்தன் டியர்னன். என் தங்கச்சி அட்ராக்டா மகன். பதிமூணு வருஷம் நம்ம கவுண்டிக்கு ஃபுல்பேக். அவன என்ன பண்ணினான் தெரியும்ல?

டீம விட்டு எடுத்துட்டான். ஆனா போன்ல சொல்லல. அத ஒத்துக்கணும். சனிக்கிழமை மத்தியானம் அட்ராக்டா வீட்டு வாசல்ல கார் வந்து நிக்குது. கில்டோரன் வீட்டு வாசப்படில மாலக்கி கெதின்ஸ்! ஒரே ஒரு எழவு வீட்டத் தவிர, நாப்பது வருஷத்துல மொத தடவை. நான் உள்ளதான் இருந்தேன், அடுப்படில, அசையல. அட்ராக்டா டீ குடுத்தா, சக்கரை குடுக்கல. அவன் நின்னுக்கிட்டே பேசினான். டியர்னன், உன் முட்டி போச்சு, உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்த வருஷம் சின்னப் பசங்கள எறக்கி அடி வாங்க விடப் போறேன். நீ உள்ள இருந்தா அவங்களுக்குப் பதிலா நீ அடி வாங்குவே, அவங்க கத்துக்க மாட்டாங்க. பதிமூணு வருஷத்துக்கு நன்றி. அவ்வளவுதான். கைய நீட்டினான். டியர்னன் குடுத்தான். நான் குடுக்கல. என்கிட்ட நீட்டவும் இல்ல.

அட்ராக்டா அன்னையிலேர்ந்து அவன் பேரச் சொல்றதில்ல. தாள்காரன்னு மட்டும்தான் சொல்லுவா.

என்ன, முட்டியா? நெசமா சொல்லணும்னா அவன் இப்ப மாடிப்படி இறங்கினா நண்டு மாதிரி பக்கவாட்டுல இறங்கறான். முப்பத்தி நாலு வயசுப் பய. நான் அவன விட வேகமா இறங்குவேன். அட்ராக்டாகிட்ட நான் இப்படிச் சொன்னேன்னு சொல்லிடாதே.

ஆமா, அந்தத் தாள் கதை. உங்கப்பா சொல்லியிருப்பாரு, சொல்லாம இருந்திருக்க மாட்டாரு. எப்படிச் சொன்னாரு? ம். அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க.

எம்பத்தொண்ணாம் வருஷம், கவுண்டிக்குள்ள கிளப்புகளுக்கான ஃபைனல். எங்க சர்ச் பங்கு கில்டோரன், அவன் பங்கு ட்ரம்லீன். நடுவுல ஒரு ஓடை. அதத் தாண்ட ஒரு எட்டு போதும், ஆனா கல்யாணத்துக்கு மட்டும்தான் தாண்டுவோம், அதையும் வேண்டா வெறுப்பா. எங்க பங்கு அதுக்கு முன்ன ஃபைனல் பாத்ததில்ல, பின்னயும் பாக்கல. எனக்கு இருவத்தி நாலு வயசு. மாலக்கிய ஆட விடாமப் பிடிக்கறது என் வேலை. அம்பத்தொம்பது நிமிஷம் பிடிச்சேன். சட்டையப் பிடிச்சேன், காலப் பிடிச்சேன், பெத்தவளப் பத்தி என்னென்னமோ சொன்னேன். ஒரு பந்து. ஒரே ஒரு பந்துக்கு நான் சறுக்கினேன். அவன் இடது காலால கோல் கம்பத்துக்கு மேல தூக்கி அடிச்சுப் பாயிண்ட் எடுத்தான். ஒரு பாயிண்ட்ல தோத்தோம்.

ஆனா அவங்க டீம்ல ஒருத்தன், நடு ஆட்டக்காரன், எந்தப் பங்குல குடியிருக்கான்னு பாத்தா ட்ரம்லீன் இல்ல. கல்யாணம் பண்ணிக்கிட்டு மூணாவது பங்குக்குக் குடி போய் ஒரு வருஷம். உன் அடுப்பு எந்தப் பங்குல எரியுதோ அந்தப் பங்குக்குத்தான் ஆடணும், சட்டம் அது. எங்க செக்ரட்டரி ஃபெலிம் ராத்திரியோட ராத்திரியா விசாரிச்சு சாட்சி பிடிச்சுட்டாரு. ஆட்சேபம் எழுதிக் குடுத்தா கோப்பை எங்களுக்கு. யாரும் மறுக்க முடியாது.

அப்ப இன்னொரு சட்டம் இருந்துச்சு, உனக்குத் தெரியாது, நீ பொறக்கல. ஆட்சேபம் எழுதற தாள் நம்ம நாட்டுல செஞ்ச தாளா இருக்கணும். வெளிச்சத்துல பிடிச்சா உள்ளுக்குள்ள மில்லு பேரு நிழலாத் தெரியும், அது நம்ம மில்லா இருக்கணும். கடல் தாண்டி வந்த தாள்ல எழுதினா சாமி வந்து சாட்சி சொன்னாலும் செல்லாது. திங்கக்கிழமை நான் கன்னு விக்கச் சந்தைக்குப் போறேன். ஃபெலிம் சொன்னாரு, ஹியூகி, வரும்போது ஒரு தாள் வாங்கிட்டு வா, நம்ம நாட்டுத் தாள், பாத்து வாங்கு. டவுன்ல தாள் விக்கிற கடை ஒண்ணே ஒண்ணுதான். மாலக்கியோட மாமா கடை. கல்லாவுல யாரு? மாலக்கி.

வாங்கிட்டு வந்தேன். ஃபெலிம் அன்னைக்குச் சாயங்காலமே அழகா எழுதினாரு. தாளத் தூக்கிப் பாத்தாரு, மங்கல் வெளிச்சத்துல உள்ள ஏதோ எழுத்து தெரிஞ்சுது, சரின்னு எழுதிட்டாரு. புதன்கிழமை கவுண்டி மீட்டிங். தலைவர் எந்திரிச்சாரு. எழுதினதப் படிக்கவே இல்ல. பல்பு வெளிச்சத்துல தாளத் தூக்கிப் பிடிச்சாரு. ஒரு நிமிஷம் பாத்தாரு. இது இங்கிலீஷ்காரன் மில்லுன்னாரு. கீழ வச்சாரு. ட்ரம்லீன்காரங்க மேஜையத் தட்டிச் சிரிச்சாங்க. முடிஞ்சுது.

வெளிய வந்ததும் ஃபெலிம் என்னைக் கேட்டாரு, எங்கடா வாங்கினேன்னு. கெதின்ஸ் கடைலன்னேன். யாரு குடுத்தான்னாரு. மாலக்கின்னேன். அவ்வளவுதான் நான் சொன்னது. பக்கத்துல எட்டுப் பேர் நின்னாங்க. வீடு போய்ச் சேர்றதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சுடுச்சு. ட்ரம்லீன் பய வேணும்னே தப்பான தாளக் குடுத்துட்டான்னு.

அதுக்கப்புறம் கில்டோரன்லேர்ந்து ஒருத்தரும் அந்தக் கடைப் படி ஏறல. பள்ளிக்கூட நோட்டுக்கு இருவது மைல் போனோம். செத்தவங்களுக்குப் பூசை வைக்கற கார்டு, கிறிஸ்துமஸ் கார்டு, ஒரு பென்சில், எதுவும் அங்க வாங்கல. அட்ராக்டா அந்தக் கடை வர்றப்ப ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிடுவா. மாமா செத்து மாலக்கி கைக்கு வந்தப்புறமும் அப்படியேதான். தொண்ணூத்தொம்பதுல சாத்திட்டான். இப்ப அங்க முடி வெட்டறாங்க.

பேரும் ஒட்டிக்கிச்சு. தாள்காரன். இந்த வருஷம் மேட்ச்ல கேட்டிருப்பியே, டீம் தோக்க ஆரம்பிச்சா போதும், ஏ தாள்காரா, ஒரு நல்ல டீமா எடுத்துக் குடுடான்னு. பிப்ரவரில மொதல்ல கத்தினது நான்தான். அப்புறம் எல்லாரும் புடிச்சுக்கிட்டாங்க. ஓடை தாண்டி அந்தாண்ட ஊர்க்காரங்ககூட.

ஒரு தடவையும் திரும்பிப் பாக்கல அவன்.

இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா? பேனாவ உள்ள வை தம்பி, மேஜைல உருளுது, பூனை தட்டி விட்டுடும்.

நோரீன் செத்தப்ப வந்தான். ஆறு வருஷம் ஆச்சு. இந்த ரூம்லதான் வச்சிருந்தோம், ஜன்னலுக்குக் கீழ. வரிசை கேட் வரைக்கும் நிக்குது. ட்ரம்லீன்லேர்ந்து அவன் ஒருத்தன்தான் வந்தான். என் கையப் பிடிச்சு, உன் கஷ்டத்துக்கு வருத்தப்படறேன் ஹியூகின்னான். எல்லாரும் சொல்றதத்தான் சொன்னான். நான் அவன் வாயையே பாக்கறேன். சொல்லிடப் போறான்னு. இங்க, பொணத்துக்கு முன்னால, ஊரே நிக்குது, இதவிட நல்ல இடம் கிடைக்குமா? சொல்லல. உள்ள போய்ப் பாத்தா பின்கட்டுல கைய மடிச்சு விட்டுக்கிட்டு டீ கப்பு கழுவறான். அட்ராக்டா ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். ஒரு வார்த்தை பேசாம ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் கப்பு கழுவினாங்க.

என்ன சொல்லப் போறான்னா? அதுக்குத்தான் வரேன், இரு.

போன ஞாயித்துக்கிழமை மேட்சுக்கு நீ வந்திருந்தியா? கார்லயே இருந்தியா, சரிதான், அந்த மழைல. எங்களுக்கு அந்தச் சுகம் இல்ல. பெரிய கோப்பைல தோத்தவங்களுக்கு வைக்கற ரெண்டாம் வரிசைக் கோப்பை, அதுலயும் மொத சுத்து. பாதி நேரத்துல எட்டுப் பாயிண்ட் பின்னால. பாதிப் பேர் எந்திரிச்சுப் போயிட்டாங்க. நான் போகல. மிச்ச தோல்வியையும் பாக்கணும்ல.

அப்புறம் என்னமோ ஆச்சு. சொல்லத் தெரியல. அந்தச் சின்னப் பசங்க ஓட ஆரம்பிச்சாங்க. ஜனவரில பந்து வந்தாலே யாருகிட்ட குடுக்கறதுன்னு முழிச்சவங்க. ஒருத்தன் எடுக்கறான், இன்னொருத்தன் எங்க ஓடுவான்னு பாக்காமயே அங்க போடறான். டியர்னன் எடத்துல நிக்கிறானே, அந்த ஒல்லி ஆளு, பேங்க்ல வேலை பாக்கறானே, அவன் தலைக்கு மேல வந்த பந்த ஒத்தக் கையால வானத்துலேர்ந்து பறிச்சான் பாரு. பக்கத்துல டியர்னன் உக்காந்திருக்கான். ஆ, ன்னு அவன் வாயிலேர்ந்து ஒரு சத்தம். அவ்வளவுதான். வித்தியாசம் ஏழு, அஞ்சு, மூணு, ரெண்டு, ஒண்ணு. கடைசி நிமிஷம் ஃப்ரீ கிக். ஆடு மேய்க்கிறவன் மகன் அடிக்கறான். கம்பத்துல பட்டு வெளிய வந்துடுச்சு.

விசில்.

எல்லாரும் தாள்காரா தாள்காரான்னு கத்தறாங்க. அவன் நேரா அந்த அடிச்ச பயகிட்ட போனான், பின்கழுத்தப் பிடிச்சு ஏதோ சொன்னான். பய அழுதுகிட்டே தலைய ஆட்டறான். நான் கத்தல அன்னைக்கு.

டியர்னன் அந்தப் பசங்களப் பாக்க உள்ள போயிட்டான். நான் காருக்குப் போற வழில பாத்தா, காலி மைதானத்துல இவன் ஒத்தையா, மழைல, கோணிப்பைய வச்சுக்கிட்டுப் பந்து பொறுக்கறான். தண்ணி பாட்டில் பொறுக்கறான். அறுபத்தி அஞ்சு வயசு இருக்கும். நான் வேலிக்கிட்ட நின்னேன். ஏதாவது சொல்லலாம்னு. என்னத்தச் சொல்ல? பத்தொம்பதுன்னு சொல்லலாமா? அவன் என்னைப் பாத்துட்டான். பைய இழுத்துக்கிட்டு வந்தான். வேலிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான்.

ஹியூகி, உன்கிட்ட ஒரு தாள் கொண்டு வருவாங்கன்னான்.

தெரியும்னேன்.

போடணும்னா போடு, நான் கோவிச்சுக்க மாட்டேன். ஆனா இந்தத் தடவையாவது சரியான தாளான்னு வெளிச்சத்துல பாத்துக்கோன்னான்.

சொல்லிட்டுச் சிரிச்சான் தம்பி. குத்திக் காட்டற சிரிப்பு இல்ல. ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்ச பழைய தமாஷுக்குச் சிரிப்பாங்கல்ல, அப்படி. பைய முதுகுல போட்டுக்கிட்டுப் போயிட்டான்.

ரெண்டு ராத்திரியா எனக்குத் தூக்கம் இல்ல.

உனக்குப் புரியல. எப்படிப் புரியும். அன்னைக்குக் கடைல நடந்தது அவனுக்கும் எனக்கும்தான் தெரியும்.

நான் உள்ள போனேன். ஒரு தாள் வேணும்னேன். கில்டோரன்காரன் திங்கக்கிழமை காலைல ஒத்தத் தாள் எதுக்கு வாங்கறான்னு கழுதைக்கும் தெரியும். அவன் கோப்பையப் புடுங்கறதுக்கு அவன்கிட்டயே வந்து தாள் கேக்கறேன். மூஞ்சி செவந்து போச்சு அவனுக்கு. அப்புறம் ரெண்டு தாள் எடுத்துக் கல்லா மேல வச்சான். ஒண்ணு மெல்லிசு, பழுப்பா. ஒண்ணு கனமா, வெள்ளையா, பாக்கவே பூசைத் துணி மாதிரி. ரெண்டையும் ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிக் காட்டினான். ரெண்டுலயும் உள்ள எழுத்து. மெல்லிசத் தள்ளி என் பக்கம் வச்சு, அதுக்குன்னா இத எடுத்துக்கோ ஹியூகி, அத எடுத்தா திருப்பி அடிச்சிடுவாங்கன்னான்.

நான் படிச்சிருந்தா படிச்சுப் பாத்திருப்பேன். எனக்கு எழுத்துக் கூட்டணும். இன்னைக்கும் கூட்டணும், கண்ணாடி எல்லாம் சும்மா, கண்ணாடி அந்த அலமாரிலதான் இருக்கு. கடை வாசல்ல மூணு பேரு நிக்கிறாங்க, முந்தின நாள் ஆட்டத்துல நான் சறுக்கினதப் பத்திப் பேசிக்கிட்டு. அவங்க முன்னால வாய அசைச்சு அசைச்சுப் படிக்கவா? நான் யோசிச்சேன். ட்ரம்லீன்காரன், நேத்து என்னை ஏமாத்தி அடிச்சவன், இன்னைக்கு எனக்கு நல்லது சொல்லுவானா? அவன் எத எடுன்னு சொல்றானோ அது தப்பாத்தான் இருக்கும். எனக்கென்ன நேத்துப் பொறந்த புத்தியா?

வெள்ளையக் குடுன்னேன்.

அவன் என்னைப் பாத்தான். ஹியூகி, அது வேணாம்னான். குடுடான்னேன். குடுத்தான்.

ஆமாம்ப்பா. அவ்வளவுதான்.

ஃபெலிம் கேட்டப்ப நான் பொய் சொல்லல. யாரு குடுத்தான்னாரு, மாலக்கி குடுத்தான்னேன். ஒரு எழுத்து பொய் இல்ல அதுல. அதனாலதான் சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துலகூட சொன்னதில்ல, என்ன பாவம்னு சொல்றது? நோரீன்கிட்ட சொன்னதில்ல. மிச்சத்த ஊரு சேத்துக்கிச்சு. நான் தடுக்கல. ஒரு வாரம் போச்சு, ஒரு மாசம் போச்சு, அப்புறம் எப்படித் தடுக்கறது?

ஆனா அவன் சொல்லியிருக்கலாம்ல? அந்த வாரமே ஊரக் கூட்டிச் சொல்லியிருக்கலாம். கடைய மூடறப்ப சொல்லியிருக்கலாம். போன மாசம் நான் கத்தறப்ப திரும்பி ஒரு வார்த்தை. ஊரே என்னைப் பாத்துச் சிரிச்சிருக்கும், நான் இந்தப் பக்கத்துல இருந்திருக்கவே முடியாது. நாப்பத்தி ரெண்டு வருஷம் என் கழுத்து அவன் கைல. ஒரு தடவை அழுத்தல. நான் அவன ஏன் வெறுக்கறேன்னு கேட்டா கடைத் தாளச் சொல்லுவேன், டியர்னனச் சொல்லுவேன். அதெல்லாம் இல்ல. என்னைக் காட்டிக் குடுக்காம விட்டான் பாரு, அதத்தான் என்னால மன்னிக்க முடியல.

இந்தா, உன் தாள். நான் ஒண்ணும் திருந்திடலப்பா, அவன இப்பவும் எனக்குப் பிடிக்கல. அந்தப் பசங்களுக்கு இன்னொரு வருஷம் குடுங்க, அவ்வளவுதான். கில்டோரன் போடலன்னு சொல்லு. ஏன்னு கேட்டா வியாழக்கிழமை கிழவனே வந்து சொல்லுவான்னு சொல்லு. வெள்ளைத் தாளக் கேட்டு வாங்கினது நான்தான்னு நான் சொல்றதுக்கு முன்ன நீ சொல்லாதே. நாளைக்கு அட்ராக்டாகிட்ட மொதல்ல சொல்லணும். அவன் பக்கத்துல நின்னு கப்பு கழுவினவ அவ.

கோட்டு இன்னும் காயலயே. சரி, போட்டுக்கோ. கேட்டச் சாத்திட்டுப் போ, கன்னு வெளிய வந்துடும்.

லோர்கன், ஒண்ணு. வியாழக்கிழமை நீ இந்த வழியாத்தானே போவே? என்னை ஏத்திக்கிறியா? வழக்கமா டியர்னன்தான் கூட்டிட்டுப் போவான், அட்ராக்டா இதக் கேட்டப்புறம் இந்தத் தடவை வரமாட்டான். போறதுக்கு மட்டும் போதும். திரும்பி வரதுக்கு யாரையும் கேக்கப் போறதில்ல. நாலு மைல்தானே, நடந்து வந்துக்கறேன்.